பலகை வாங்கும் பக்கம்

எனக்குக் கை முந்தும், வாய் பிந்தும். இது ஊரறிந்த விஷயம். மயிலாப்பூரில் பறக்கும் ரயில் பாலத்துக்குப் பக்கத்தில், கால்வாய் ஓரமாக இருக்கிறது எங்கள் மரப்பட்டறை. அங்கே வேலைக்குச் சேருகிறவனுக்கு முதல் நாளே யாராவது சொல்லிவிடுவார்கள்: "ஹாஜிரா பீகிட்ட பேசும்போது ரெண்டடி தள்ளி நின்னு பேசு நைனா." நானும் அதைப் பெருமையாகத்தான் வைத்திருந்தேன். புருஷன் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. எட்டு ஆம்பிளைகளை வைத்து வேலை வாங்குகிறேன். வாயால் கெஞ்சிக்கொண்டிருந்தால் நடக்குமா?

என் தம்பி ஹம்மாதை வளர்த்தவளும் நான்தான். எங்கள் அம்மா மௌத்தானபோது அவனுக்கு நாலு வயது, எனக்குப் பதினெட்டு. சோறு ஊட்டிய கையாலேயே அடித்தும் வளர்த்தேன். அக்கம்பக்கத்தில் யாராவது பாவப்பட்டால், "கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவேன். என்ன நடந்தது என்று இப்போது சொல்கிறேன். முழுதாகக் கேட்டுவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

அன்றைக்குத் திங்கட்கிழமை. காலை பத்து மணி இருக்கும். ஹம்மாதின் மனைவி மஹ்விஷ் பட்டறைக்குள் ஓடி வந்தாள். காலில் செருப்பில்லை. கீழுதடு பிளந்து தாடையெல்லாம் ரத்தம். துப்பட்டாவை உருட்டி வாயில் அழுத்திக்கொண்டிருந்தாள். பின்னாலேயே ஹம்மாத். சொல்லாமல் வேளச்சேரிக்கு அம்மா வீட்டுக்குப் போய் வந்தாளாம், அதுதான் குற்றம். எட்டு பேர் பார்க்க அவள் தலைமுடியைப் பிடித்து ஒரே இழு. அடுக்கியிருந்த பலகையின் முனையில் அவள் நெற்றி இடித்தது.

கைக்கு எட்டியது ஒரு ரீப்பர் கட்டை. அதை எடுத்து அவன் முதுகில் போட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. கட்டை உடைந்தது.

"இன்னாடா மிருகமே, என் பட்டறையிலயே கை நீட்டுறியா?"

"இது எங்க வூட்டு மேட்டரு ஆபா. நீ நடுவுல வராத," என்றான். முடியை மட்டும் விடவில்லை. என் அடி அவனுக்குப் பழகிப்போனது, மழை மாதிரி. நனைந்துவிட்டுத் துடைத்துக்கொண்டு போவான்.

அப்போதுதான் அய்யாதுரை மரக்குவியல் மேலிருந்து இறங்கி வந்தான். தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். என் வீட்டுக்காரர் ஷரஃபுதீன் காலத்திலிருந்து இருபத்திரண்டு வருஷமாக எங்களோடு இருப்பவன். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. வந்தவன் ஹம்மாதின் கன்னத்தில் ஒரே ஒரு அறை விட்டான். மரம் தூக்கிப் பழகிய கை அது. ஹம்மாத் சுருண்டு போய் மரத்தூள் குவியலில் விழுந்தான். வாய்க்குள் மூக்குக்குள் எல்லாம் தூள்.

"பொம்பளப் பிள்ளைய அடிக்கதுக்கு எதுக்குலே இவ்வளவு பெரிய ஒடம்பு?" என்றான் அய்யாதுரை. அவ்வளவுதான். திரும்பிப் போய் வேலையைப் பார்த்தான்.

பையன்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். அதுதான் வினை. அக்காவிடம் வாங்கும் அடி அவனுக்கு அவமானமே இல்லை. அய்யாதுரையிடம், அதுவும் எல்லோரும் பார்க்க வாங்கிய அறை அவன் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எழுந்து தூளைத் துப்பினான். "உனக்கு ஒரு நாள் கீது," என்றான். அய்யாதுரை காதில் வாங்கவில்லை. நான் வாங்கினேன், ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குலைக்கிற நாய் கடிக்காது என்று நினைத்தேன்.

மஹ்விஷை என் வீட்டுக்குக் கூட்டிப்போய் மஞ்சள் வைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ஆபா, நீங்க அவரை அடிக்காதீங்க. நீங்க அங்க ஒண்ணு அடிச்சா, எனக்கு இங்க ரெண்டா வருது."

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. இவளுக்காகத்தானே அடித்தேன், இவளே என்னைக் குறை சொல்கிறாளே என்று. "வாயை மூடிக்கினு படு," என்றேன். அன்றிலிருந்து அவள் என் வீட்டில் தங்கினாள். ஹம்மாதை என் வாசலில் ஏற்றவில்லை. அவன் வீம்புக்குப் பட்டறையிலேயே பாய் போட்டுப் படுக்க ஆரம்பித்தான்.

எங்கள் தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சில வருஷங்களாக மழைக்காலம் வந்தால் வேப்பமரங்கள் நுனியிலிருந்து கருகுகின்றன, தீயில் காட்டியது போல. பாதி மரம் தை பிறந்ததும் துளிர்த்துவிடும். துளிர்க்காமல் செத்துப்போகிறதே, அது எங்களிடம் வரும். முன்பெல்லாம் அதை விறகுக்கு வெட்டித் தள்ளுவார்கள். என் வீட்டுக்காரர்தான் முதலில் ஒரு செத்த பூவரசை அறுத்து மேஜை செய்தார். நோய் ஓடிய இடத்தில் மரம் கறுப்புக் கோடாக ஓடியிருந்தது, பேனாவால் இழுத்த மாதிரி. அந்தக் கோட்டுக்காகவே அடையாற்றிலிருந்து ஆள் வந்தது. இப்போது நாங்கள் செய்வதெல்லாம் நோய் விழுந்த மரம்தான். வந்த அன்றே பட்டையை உரித்து எரித்துவிடுவோம், பூச்சி அடுத்த மரத்துக்குப் போகக் கூடாதென்று. பிறகு அறுத்து, பலகைக்குப் பலகை குச்சி வைத்து, நிழலில் மாதக்கணக்கில் காயப்போடுவோம். மெருகு போடுவது என் வேலை.

தெரு மரத்திலும் வீட்டு மரத்திலும் ஒரு எமன் உட்கார்ந்திருப்பான். இரும்பு. பேனர் கட்ட அடித்த ஆணி, துணிக்கொடிக் கொக்கி, சைக்கிள் சங்கிலி. மரம் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி நிற்கும். அறுக்கிற மெஷினில் இரண்டு சக்கரத்தைச் சுற்றி, பெல்ட் மாதிரி, நாலு அங்குல அகலத்துக்குப் பட்டை பிளேடு ஓடுகிறது. அதில் இரும்பு பட்டால் பிளேடு அறுந்து பாயும். ஒருவன் இந்தப் பக்கம் நின்று தள்ளுவண்டியில் மரத்தைத் தள்ளுவான். இன்னொருவன் அந்தப் பக்கம் நின்று அறுபட்டு வருகிற பலகையை வாங்குவான். பிளேடு அறுந்தால் பாய்வது பலகை வாங்கும் பக்கம்தான். எங்கள் பட்டறையில் ஒரு சுமைக்காரர் அப்படித்தான் போனார், கழுத்தில் வாங்கி.

அதற்குப் பிறகு ஷரஃபுதீன் ஒரு சட்டம் வைத்தார். மரத்தில் இரும்பு இருக்கிறதா என்று எவன் சோதித்தானோ, முதல் அறுப்புக்கு அவன்தான் பலகை வாங்கும் பக்கம் நிற்க வேண்டும். 'சாட்சி நிற்பது' என்போம். தன் கழுத்தே அந்தப் பக்கம் இருக்கும் என்றால் எவன் அசட்டையாகச் சோதிப்பான்? சோதித்த மரத்தில் அவன் சாக்பீஸால் ஒரு டிக் போடுவான். டிக் விழுந்தால் வேறு யாரும் அதைத் தொடக் கூடாது.

இருபத்திரண்டு வருஷமாக எங்கள் சாட்சி அய்யாதுரை. மால் வாசலில் செக்யூரிட்டி உடம்பில் தடவுகிற கம்பு ஒன்று பழையதாக வாங்கி வைத்திருந்தோம். அதைக் கொண்டு ஒரு முறை தடவுவான். பிறகு சுத்தியலால் தட்டித் தட்டி, காதை வைத்துக் கேட்பான். ஒரு ஆணிகூட அவனிடம் தப்பியதில்லை. தள்ளுவது ஹம்மாத். இருவரும் ஒரு மெஷினின் இரண்டு பக்கம். புரிகிறதல்லவா?

அந்த வாரம் வந்தது சுந்தரராமன் வீட்டு வேம்பு. மாட வீதிக்குப் பின்னால் பழைய வீடு, கொல்லையில் அவர் தாத்தா வைத்த மரம். மூன்று மழை கருகி, நாலாவது மழையில் செத்தது. அவர் பட்டறைக்கே வந்து கேட்டார்: "விறகுக்குப் போட மனசு வரலேம்மா. நம்மாத்துக் கூடத்துல ஊஞ்சலாப் போட்டுண்டா, மரம் ஆத்தோடயே இருந்த மாதிரி இருக்கும்." எனக்கு அந்த மனுஷரைப் பிடித்துப்போனது. ஏழடிப் பலகை, முழுதாக ஒரே துண்டு தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை முழுதும் அய்யாதுரை அந்த மரத்தோடு கிடந்தான். பதினாலு ஆணி, ஒரு கொக்கி, ஒரு சின்னப் பித்தளை மணி. எல்லாவற்றையும் தோண்டி எடுத்தான். மாலையில் டிக் போட்டுவிட்டு, "சுத்தம்க்கா. நாளைக்குக் காலையில அறுத்துருவோம்," என்றான். மரத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றிச் சுவரோரமாக நிறுத்திவிட்டுப் போனார்கள். ஹம்மாத் மட்டும் அங்கேயே படுத்தான்.

வெள்ளிக்கிழமை ஃபஜ்ர் தொழுதுவிட்டு ஏழு மணிக்கெல்லாம் நான் பட்டறைக்கு வந்துவிட்டேன். ஹம்மாத் டீ குடிக்க வெளியே போயிருந்தான். மரத்தைச் சும்மா ஒரு சுற்று பார்த்தேன். சுவர் பக்கமாக, நடுவுக்குச் சற்று முன்னால், ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு நீலக் கறை. தொட்டேன். ஈரம்.

மெருகு போடுகிறவளுக்கு இது தெரியாமல் போகாது. நோய்க் கோடு காய்ந்து பழுப்புக் கறுப்பாக, நரம்போடு ஓடும். பச்சை ஈரம் உள்ள மரத்தில் புது இரும்பு பட்டால் ஒரே இரவில் மை மாதிரி நீலம் கசியும். நகத்தால் சுரண்டினேன். மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்திருந்தது. உள்ளே ஆணித் தலை பளபளத்தது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். என் தம்பி ஒரு மனுஷனைக் கொல்லப் பார்த்திருக்கிறான். ஒரு அறைக்காக. இரண்டு பெண் பிள்ளைகளைப் பெற்றவனை. நான் ஊட்டி வளர்த்த பிள்ளை, இரவெல்லாம் உட்கார்ந்து, பசை குழைத்து, துளை தெரியாமல் பூசியிருக்கிறான். அழுகை வந்தது. அடுத்த நிமிஷமே அது கோபமாக மாறியது. எனக்கு எல்லாமே கடைசியில் கோபமாகத்தான் மாறும்.

அந்த இடத்தில் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. அய்யாதுரை வந்ததும், "மரத்துல ஆணி கீது, அறுக்க வேணாம்" என்று சொல்லியிருக்க வேண்டும். நாலு வார்த்தை. குழந்தைகூடச் சொல்லும். நான் சொல்லவில்லை. சொல்லி விட்டுவிட்டால் இவன் திருந்துவானா? முதுகில் விழுகிற அடி இவனுக்கு உறைப்பதில்லை. அந்தப் பக்கம் நின்று, தன் கழுத்தை நோக்கித் தன் ஆணி வருவதைப் பார்க்கட்டும். அப்போது அலறுவான். எல்லோர் முன்னாலும் அலறித் தன் வாயாலேயே ஒப்புக்கொள்வான். அடியாத மாடு படியாது. கறை இருக்கும் இடத்துக்கு நாலு விரற்கடை இருக்கும்போது தள்ளுவதை நிறுத்திவிட்டால் போதும். இப்படித்தான் கணக்குப் போட்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று எங்கள் ஆட்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

சுரண்டிய இடத்தில் தூளைத் தேய்த்து மறைத்தேன். ஆமாம், நானேதான் மறைத்தேன்.

எட்டரைக்கு எல்லோரும் வந்தார்கள். மெஷினைப் போட்டார்கள். பெரிய சக்கரம் இரண்டும் சுற்றி வேகம் பிடிக்கிற ஓசையில் தகரக் கூரை அதிர்ந்தது. அய்யாதுரை துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தான்.

"அய்யாதுரை, நீ தள்ளி நில்லு," என்றேன். "இன்னைக்கு ஹம்மாத் வாங்கட்டும். நான் தள்ளுறேன்."

அவனுக்குப் புரியவில்லை. "நான்தானக்கா சோதிச்சேன். நான்தான நிக்கணும்."

"பட்டறை என்னுது. சொன்னதைச் செய்."

ஹம்மாதைப் பார்த்தேன். முகத்தில் ரத்தமே இல்லை. "நான் எதுக்கு ஆபா? அவர்தானே சாட்சி?" என்றான்.

"ஏன், மரம் சுத்தமாத்தானே கீது? அய்யாதுரை டிக் போட்டுக்கிறான். உனக்கு இன்னா பயம்?"

அவன் என்னைப் பார்த்தான். எனக்குத் தெரியுமா தெரியாதா என்று என் முகத்தில் தேடினான். நான் கல் மாதிரி நின்றேன். சொல்லுடா, சொல்லித் தொலைடா என்று உள்ளே அரற்றிக்கொண்டிருந்தேன். அவன் சொல்லியிருப்பான் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். ஆனால் அய்யாதுரை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அவன் முன்னால் இன்னொரு தரம் சிறுமைப்படுவதைவிடச் சாவது மேல் என்று தோன்றியிருக்க வேண்டும். வீம்பில் அவன் என் தம்பியேதான். போய் அந்தப் பக்கம் நின்றான்.

நான் தள்ளினேன்.

பிளேடு மரத்தில் இறங்கியது. வேம்பின் கசப்பு வாசம் தொண்டையில் ஏறியது. நான் மரத்தைப் பார்க்கவில்லை, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரடி போனது. அவன் நெற்றியில் வேர்வை வழிந்தது. இரண்டடி. பலகை முனை அவன் பக்கம் நீண்டது, பிடிக்கக் கை நீட்டினான். கை வெடவெடவென்று ஆடியது. கத்துடா என்று நினைத்துக்கொண்டே தள்ளினேன். பாவம் என்று தோன்றவே இல்லை எனக்கு. ஒரு திருப்திகூட இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இவ்வளவும் சொன்னதற்கு அர்த்தமில்லை.

அய்யாதுரை ஓரமாக நின்று அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓடுகிற பிளேடுக்குப் பக்கத்தில் ஆடுகிற கை எப்பேர்ப்பட்ட ஆபத்து என்பது அவனுக்குத்தான் தெரியும். "இவன் நிக்க மாட்டான்க்கா, நான் நிக்கேன்," என்று கத்திக்கொண்டே போனான். ஹம்மாதின் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் தான் நின்று, பலகையை வலது கையால் ஏந்தினான்.

கறைக்கு இன்னும் நாலு விரற்கடைக்கு மேலேயே இருந்தது. நான் கையை எடுத்துவிட்டேன். சத்தியமாக எடுத்துவிட்டேன். அதற்குள் ஹம்மாத் கீழே கிடந்தபடி, "ஆணி! ஆபா, ஆணி!" என்று அலறினான். அறுக்கிற இரைச்சலில் அது வேறு யார் காதிலும் விழவில்லை, வாயசைவில்தான் எனக்கே புரிந்தது.

கறை இருந்தது ஆணித் தலை இருந்த இடம். அதன் முனை வேறு இடத்தில் இருந்தது. சுவருக்கும் மரத்துக்கும் நடுவில் சுத்தியலை நேராக வீச இடமில்லாமல் அவன் ஆறங்குல ஆணியைச் சாய்த்து அடித்திருக்கிறான், பிளேடு வரும் திசைக்கு. தினமும் இரும்பு தேடுகிற அய்யாதுரைக்கு அது தோன்றியிருக்கும். கறை மட்டும் தெரிந்த எனக்குத் தோன்றவில்லை.

பெரிய வெடி போட்ட மாதிரிச் சத்தம். பொறி பறந்தது. பிளேடு அறுந்து சாட்டையாகச் சுழன்று அந்தப் பக்கம் பாய்ந்தது. அய்யாதுரை கத்தவில்லை. தன் வலது கையைத் தானே குனிந்து பார்த்தான். முழங்கைக்குக் கீழே சதை திறந்து எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. மணிக்கட்டு ஒரு தோலில் தொங்கியது. ரத்தம் துடிப்புக்குத் துடிப்பு பீய்ச்சி, புதிதாக அறுத்த பலகை மேல் விழுந்தது. அப்புறம்தான் முட்டி மடங்கி உட்கார்ந்தான்.

மெஷினை அணைத்தும் சக்கரம் நிற்கவில்லை, சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. பையன்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். அசையாமல் நின்றவள் நான் ஒருத்திதான். ஹம்மாத்தான் சட்டையைக் கிழித்து அவன் கையைச் சுற்றி இறுக்கினான். தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினான். ஆட்டோவில் வழியெல்லாம், "அண்ணே, கண்ணைத் தொற அண்ணே," என்று அழுதான். அவன் அய்யாதுரையை அண்ணே என்று கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆஸ்பத்திரியில் கையைக் காப்பாற்ற முடியவில்லை. முழங்கைக்கு நாலு அங்குலம் கீழே எடுத்துவிட்டார்கள்.

சுந்தரராமன் மறுநாள் போன் செய்தார். "ரத்தம் பட்ட பலகைல எப்படிம்மா ஆத்துல உக்காந்து ஆடறது? அந்தக் குடும்பத்துக்கு ஏதாவது செய்யணும்னா சொல்லுங்கோ," என்றார். நல்ல மனுஷர். அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை.

போலீஸ் வந்து கேட்டது. அதற்கு அய்யாதுரை சொன்ன பதிலை அவன் மனைவி தங்கபுஷ்பம் எனக்குச் சொன்னாள்: "மரத்துல ஆணி இருந்திருக்கு, நான் சரியாப் பாக்கல, தப்பு என்னுதுன்னு எழுதிக் குடுத்துட்டாரு." சொல்லிவிட்டு அவள் என் கையைப் பிடித்தாள். "ஒங்க தம்பிதான் தூக்கிட்டு வந்து உசுரக் காப்பாத்துனாராம். அவருக்கு நாங்க என்ன கைம்மாறு செய்யப் போறோம்னு தெரியலக்கா." அந்தத் தம்பி மூன்று நாளாக ஆஸ்பத்திரிப் படிக்கட்டிலேயே கிடந்தான். வார்டுக்குள் வரவில்லை, வீட்டுக்கும் போகவில்லை.

நாலாம் நாள் அய்யாதுரையைப் பார்க்கப் போனேன். கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. தங்கபுஷ்பம் பக்கத்தில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழ முயன்றான்.

"மன்னிச்சுருங்கக்கா. ஷரஃபுதீன் பாய் உக்கார வச்ச எடத்துக்குக் கெட்ட பேர் வாங்கிக் குடுத்துட்டேன்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"எந்த எடத்துலக்கா இருந்துச்சு அந்த ஆணி?" என்றான். "கண்ண மூடுனா அந்த மரம்தான் வருது. அடியிலேருந்து நுனி மட்டும் மறுபடி மறுபடி தட்டிப் பாக்கேன். எங்கயுமே சத்தம் மாறல. எப்படி விட்டேன்னு தெரியலயே. கை போனதுகூட பரவால்லக்கா. இருவத்திரண்டு வருசமா பாத்த வேலை. என் காதுமேல எனக்கே நம்பிக்கை போயிட்டு. இதே மாதிரி இன்னும் எத்தன மரத்துல விட்டேனோ, எவன் எவன் தப்பிச்சானோ."

அவன் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. துடைக்க வலது கையைத் தூக்கினான். கட்டுத்தான் எழுந்தது. பார்த்துவிட்டு இடது கையால் துடைத்துக்கொண்டான்.

இதைக் கேட்டுக்கொண்டு வெளியே போய்விட்டால் நான் தப்பித்தேன். ஹம்மாத் தப்பித்தான். பட்டறையும் தப்பித்தது. அவன் மட்டும் சாகிற வரைக்கும் அந்த மரத்தைத் தட்டிக்கொண்டே படுத்திருப்பான்.

"நீ விடல அய்யாதுரை," என்றேன். "நீ டிக் போட்டப்போ மரம் சுத்தமாத்தான் இருந்துச்சு. ராத்திரி அடிச்சிருக்கான்."

"யாரு?"

"ஹம்மாத். நீ அறைஞ்சதுக்கு."

தங்கபுஷ்பத்தின் கை நின்றது. அய்யாதுரை கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். கொஞ்ச நேரம் அவன் முகத்தில் ஒரு வெளிச்சம்போல இருந்தது, தன் காது பிழைத்துவிட்டதே என்று. பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பினான்.

"அவனே வந்து சொன்னானா?"

"இல்ல. நான் பாத்தேன். கறை கசிஞ்சிருந்துச்சு."

"எப்ப பாத்திய?"

பொய் சொல்ல நிறைய நேரம் கொடுத்தான். அவன் கண் என் மேலேயே இருந்தது.

"அன்னைக்குக் காலையில. நீ வர்றதுக்கு முன்னாடி."

"அதான் என்னைய தள்ளி நிக்கச் சொன்னியளோ?"

"ஆமா. அவனை நிக்க வச்சு, பயந்து கத்த வச்சு, ஒத்துக்க வைக்கலாம்னு. நெருங்கினதும் நிறுத்திடலாம்னு நெனச்சேன். நீ நடுவுல வருவேன்னு நான் நெனக்கவே இல்ல அய்யாதுரை, அல்லாஹ் மேல ஆணை."

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன், சந்தோஷமாக. அவன் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான்.

பேசியது தங்கபுஷ்பம்தான். சாத்துக்குடியைத் தட்டில் வைத்துவிட்டு, சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரரு வருவாருன்னு ஒங்களுக்குத் தெரியாது. சரி, அப்படியே வச்சிக்கிடுவோம். அங்க நின்னது ஒங்க தம்பிதான? நீங்க தூக்கி வளத்த பிள்ளைதான? ஆணி இருக்குன்னு தெரிஞ்சே தள்ளுனியளேக்கா, எப்படி மனசு வந்துச்சு?"

எனக்கு ஐம்பத்தொரு வயது. பதில் சொல்லத் தெரியாமல் ஒருத்தர் முன்னால் அதுவரை நான் நின்றது கிடையாது. "போங்கக்கா," என்றாள் அவள். "அவரு கொஞ்சம் தூங்கட்டும்."

கீழே படிக்கட்டில் ஹம்மாத் உட்கார்ந்திருந்தான். அதே சட்டையில்லாத உடம்பு, யாரோ கொடுத்த துண்டு போர்த்தியிருந்தான். நான் பக்கத்தில் போனதும் தோளைக் குறுக்கித் தலையைக் குனிந்துகொண்டான், அடி வரும் என்று. முப்பத்தேழு வயது ஆம்பிளை. இவனை இப்படிக் குனிய வைத்தது யார் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அவன்கிட்ட எல்லாம் சொல்லிட்டேன்," என்றேன். "எழுந்திரு. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவணும்."

எழுந்தான். அவனுக்கு இது தெரிந்தே இருந்தது போல, மறுக்கவில்லை. இரண்டு படி இறங்கியதும்தான் நானும் கூடவே இறங்குவதைக் கவனித்தான்.

"அடிச்சது நான்தானே ஆபா. நீ எதுக்கு வர்ற?"

"அடிச்சது நீ," என்றேன். "தள்ளினது நான்."